பொதி காப்புப் பொருள்களின் மறுபயன்பாடு

பொதி காப்புப் பொருள்களின் மறுபயன்பாடு என்பது, ஒரு பொதியில் வந்த அட்டைப் பெட்டி, குமிழ் உறை (பபுள் ராப்), தெர்மோகோல், தாள் முதலியவற்றை வேறொரு பொதிக்கு மீண்டும் பயன்படுத்துவதாகும். அன்பளிப்புகளையும் கலைப்படைப்புகளையும் அஞ்சலில் அனுப்புவோருக்கு இதனால் செலவு குறைகிறது, குப்பையும் குறைகிறது. ஆயினும் கையால் தீட்டிய ஓவியம் சிதைந்தால் இழப்பீட்டுத் தொகை அதை மீட்டுத் தராது. எனவே பழைய பொருளில் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் எஞ்சியுள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

வரலாறு

வைக்கோல், மரத்தூள், கந்தல் துணி ஆகியவை நெடுங்காலமாகப் பொதி காப்புப் பொருள்களாக இருந்துள்ளன. 1871-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றுவதற்கான நெளி தாளுக்குக் காப்புரிமை பெற்றார். குமிழ் உறை 1957-இல் ஆல்பிரட் பீல்டிங், மார்க் சாவன் என்னும் இருவரால் நியூ ஜெர்சியில் உருவாக்கப்பட்டது. சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகவே அவர்கள் அதை முதலில் கருதினர்; பின்னரே அது பொதி காப்புப் பொருளாயிற்று.

செயற்படும் விதம்

கீழே விழும் பொருள் கடினமான தரையில் நொடிப்பொழுதில் நின்றுவிடுவதால் அதன்மேல் பெரும் விசை தாக்குகிறது. மெத்தென்ற பொருள் இடையில் இருந்தால் அது அமுங்கும் நேரம் வரை நிற்பது தாமதமாகிறது, விசையும் குறைகிறது. குமிழிலும் அட்டையின் நெளிவிலும் உள்ள காற்றுவெளி இதற்கு உதவுகிறது. ஒருமுறை நசுங்கிய நெளிவு பழைய நிலைக்கு மீளாது. பார்வைக்கு நன்றாக உள்ள பெட்டியும் வலுவிழந்திருக்கக் கூடும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

* நெளி அட்டைப் பெட்டி: மூன்றடுக்குப் பெட்டியில் ஒரு நெளிவும், ஐந்தடுக்குப் பெட்டியில் இரு நெளிவுகளும் உள்ளன. மூலைகள் மழுங்கியவையும் ஈரம் பட்டவையும் தவிர்க்கத்தக்கவை. பழைய ஒட்டுநாடாவை உரித்த இடத்தில் மேல்தாள் கிழிந்திருந்தால் புதிய நாடா சரியாகப் பிடிக்காது.
* குமிழ் உறை: விரலால் அழுத்தும்போது குமிழ் எதிர்த்து நிற்க வேண்டும். உடையாத குமிழிலிருந்தும் நாளடைவில் காற்று சிறிது சிறிதாகக் கசியும். தொய்ந்த உறையை இடைவெளி நிரப்ப மட்டும் பயன்படுத்தலாம்.
* தெர்மோகோல்: இதன் கனஅளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றாகும். விரிசல் இல்லாத துண்டுகளைச் சட்டத்தின் மூலைகளுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். உதிரும் மணிகள் நிலைமின்னேற்றத்தால் ஓவியத்தில் ஒட்டிக்கொள்ளும்.
* செய்தித்தாள்: கசக்கி இடைவெளியை நிரப்ப ஏற்றது. இதன் மை ஒட்டிக்கொள்ளும்; தாளிலும் அமிலத்தன்மை உண்டு. ஆகவே ஓவியத்தை நேரடியாகத் தொடும்படி வைக்கலாகாது.

கலைப்படைப்புகளைப் பொதிதல்

ஓவியத்தைத் தொடும் முதல் உறை தூய்மையான புதிய தாளாக இருத்தல் நலம். பழைய பொருள்கள் அதற்கு வெளியே வரலாம். குமிழ்கள் வண்ணப்பரப்பில் அழுந்தினால் வட்டவட்டமான தடங்கள் பதியும் என்பதால், குமிழ்ப்பக்கம் வெளிநோக்கி இருக்குமாறு சுற்ற வேண்டும்.

கண்ணாடிச் சட்டமிட்ட படங்களில் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதுண்டு. கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் சிதறி ஓவியத்தைக் கீறாமல் இது தடுக்கிறது. புடைப்பு வேலையும் கற்களும் தங்கத்தாளும் கொண்ட தஞ்சாவூர் ஓவியத்தைச் சட்டமின்றி அனுப்பும்போது, பரப்பின்மேல் எடை ஏறாதவாறு விளிம்புகளில் தாங்கல் கொடுக்க வேண்டும்.

சிறிய பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, இடையில் எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. நிரப்புப்பொருள் இடுவது நல்ல முறை. மூடிய பெட்டியை மெல்ல அசைக்கும்போது உள்ளே ஏதேனும் நகர்ந்தால் நிரப்பு போதவில்லை எனக் கொள்ளலாம். பழைய முகவரிகளும் பட்டைக்குறிகளும் முற்றிலும் மறைக்கப்பட வேண்டும். இல்லையெனில் பொதி வேறிடம் செல்ல நேரிடும்.

வெளிநாட்டு அஞ்சலில் கட்டுப்பாடுகள்

மறுபயன்பாடு எல்லா நாடுகளிலும் ஏற்கப்படுவதில்லை. ஆஸ்திரேலியா பூச்சிகளும் நோய்களும் பரவாமல் தடுக்க வைக்கோலையும், காய்கனி, இறைச்சி, முட்டை வைத்திருந்த பெட்டிகளையும் பொதிக்குப் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்துகிறது. ஓவியங்களுக்கான மரப்பெட்டிகளுக்கும் பன்னாட்டு விதி உண்டு. 6 மி.மீ.-ஐ விடத் தடித்த பச்சை மரப்பலகை, வெப்பமூட்டியோ புகையூட்டியோ பதப்படுத்தி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். வழக்கமான வெப்ப முறையில் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இவ்விதி பொருந்தாது. பழைய மரப்பெட்டியை மீண்டும் பயன்படுத்துவோர் முத்திரை உள்ளதா என்று பார்ப்பதோடு, இடையில் புதிய மரத்துண்டு ஏதும் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும்.