கணனிப் பாவைக்குச் சாறி பொருந்தவில்லையா?

இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகுமுன்னரே எங்கள் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் விளையாட்டுகளில் ‘சிம்ஸ்’ ஒன்று. கணனிக்குள் மனிதரை உருவாக்கி, வீடு கட்டி, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி வாழவைப்பதுதான் விளையாட்டு. அமெரிக்காவின் மக்சிஸ் நிறுவனம் இதன் முதற் பதிப்பை 2000 ஆம் ஆண்டில் செய்தது. நான்காவது பதிப்பு 2014 இல் வந்தது. 2022 ஒக்ரோபரிலிருந்து அதன் அடிப்படை விளையாட்டுக்குக் காசில்லை. ஆகவே சதம் எண்ணிச் செலவழிக்கும் எங்கள் வீடுகளுக்குள்ளும் அது புகுந்துவிட்டது.

என் அக்காவின் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் அந்த விளையாட்டுக்குள் தன் குடும்பத்தையே செய்து வைத்திருக்கிறாள். வவுனியாவில் தனிய இருக்கும் அம்மம்மாவும் அங்கே இருக்கிறா. ஆனால் நிற்பது ஜீன்ஸோடு! “மாமா, அம்மம்மாவை இப்பிடி விட ஏலாது” என்றாள். மும்பாய் நாகரிகத்தை வைத்து 2021 இல் ஒரு உடுப்புத் தொகுதி விற்பனைக்கு வந்ததுதான். அதற்குக் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் அம்மம்மா சாறி உடுக்கிற விதம் அதில் கிடையாது. ஆகவே அவள் தானே செய்யத் தொடங்கினாள்.

செய்வதற்கு இரண்டு மென்பொருட்கள் வேண்டும். உருவம் அமைக்க ‘பிளெண்டர்’, அதை விளையாட்டுக்குள் ஏற்ற ‘சிம்ஸ் 4 ஸ்ரூடியோ’. இரண்டும் இலவசம். இவற்றை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் செய்வதைவிட ஏற்றுவதுதான் பெரும்பாடு. அதிலேதான் பிள்ளைகள் அழுதுவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. கணனி அதிகம் தெரியாது. ஆனால் பிழை தேடுகிற முறை எங்கும் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது.

முதலில் ‘மெஷ்’ என்றால் என்னவென்று பார்ப்போம். அது சிறு சிறு முகங்களால் பின்னிய வலை. உடுப்பின் உருவம் அதுதான். துணியின் நிறமும் கரையும் பூவும் தனியான ஒரு படம். அந்த வலைமேல் ஒட்டப்படுகிறது.

சாறி விளையாட்டில் தெரியவே இல்லையா? பெரும்பாலும் மெஷ்ஷில் பிழை இருக்காது. கோப்பு ‘மொட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் இருக்க வேண்டும். விளையாட்டின் அமைப்புகளில் வெளியார் செய்த பொருட்களை அனுமதிக்கும் கட்டத்தில் அடையாளமிட்டு, விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். நிறுவனம் புதுத் திருத்தம் வெளியிடும் ஒவ்வொரு முறையும் அந்த அடையாளம் தானாக அழிந்துவிடும். நல்ல பிள்ளை ஒன்று இரண்டு நாள் மண்டையை உடைப்பது இதற்காகத்தான். அடுத்தது வயது. பதின்ம வயதினர் தொடக்கம் முதியவர் வரை இந்த விளையாட்டில் ஒரே அளவு உடம்பு. ஆனாலும் ஸ்ரூடியோவில் முதியவருக்கு அடையாளமிடாவிட்டால் அம்மம்மாவின் அலுமாரியில் சாறி வராது.

ஸ்ரூடியோவே மெஷ்ஷை ஏற்க மறுத்தால் இரண்டைப் பார்க்கவும். எல்லாப் பிளெண்டர் பதிப்பும் ஸ்ரூடியோவுக்கு ஒத்துவராது. அது சொல்லும் பதிப்பையே இறக்க வேண்டும். மற்றது, ஒவ்வொரு மெஷ் துண்டுக்கும் ‘கட்’ எண் ஒன்று உண்டு. எங்கள் தொழிற்சாலையில் எண் ஒட்டாத துண்டைத் தைக்கிறவர் தொடமாட்டார். ஸ்ரூடியோவும் அப்படியே.

இனி முக்கியமான இடம். சாறி ஏறிவிட்டது, ஆனால் ஆள் நடந்தவுடன் துணி கூர் கூராக நிலத்தை நோக்கி இழுபடுகிறது, அல்லது பலகை மாதிரி அசையாமல் நிற்கிறது. மெஷ்ஷின் ஒவ்வொரு புள்ளியும் உடம்பின் எந்த எலும்போடு எவ்வளவு அசைய வேண்டும் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை ‘வெயிற்’ என்பார்கள். எழுதப்படாத புள்ளிக்குப் போக்கிடம் தெரியாது. இதைக் கையால் எழுதுவது நாட்கணக்கு வேலை. விளையாட்டில் உள்ள உடுப்பு ஒன்றிலிருந்து பிளெண்டரின் ‘டேற்றா ரான்ஸ்பர்’ மூலம் பிரதி எடுக்கலாம். எந்த உடுப்பிலிருந்து என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. காற்சட்டையிலிருந்து எடுத்தால் கொய்யகம் நடுவால் பிளந்து இரண்டு காலோடும் போய்விடும். கால்வரை நீண்ட முழுச் சட்டை ஒன்றிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்ரூடியோவில் தொடங்கும்போதும் அதே நீளச் சட்டையையே அடிப்படையாகப் பிரதி செய்யவும். மேற்சட்டையைப் பிரதி செய்தால் சாறிக்குக் கீழே வேறு காற்சட்டை எட்டிப்பார்க்கும்.

ஆளைக் கொஞ்சம் கொழுக்க வைத்தவுடன் வயிறு சாறியைக் கிழித்துக்கொண்டு வருகிறதா? மெஷ்ஷுக்கு இரண்டு ‘யூவி’ வரைபடங்கள் உண்டு. இரண்டாவதுதான் உடம்பு பருக்க, மெலிய, உடுப்பும் கூடவே மாறச் செய்வது. அதையும் அந்த நீளச் சட்டையிலிருந்தே எடுக்கவும்.

முதலாவது யூவி எங்கள் வெட்டு மேசையைப் போன்றது. உடுப்பைப் பிரித்துத் தட்டையாக விரித்த துண்டுகள். ஆனால் 1024க்கு 2048 புள்ளி அளவுள்ள ஒரே தாளில் தலைமயிர், சட்டை, சப்பாத்து எல்லாவற்றுக்கும் இடம் பிரித்திருக்கிறது. முந்தானைத் துண்டு சப்பாத்தின் இடத்துக்குள் போனால் முந்தானையில் சப்பாத்தின் நிறம் விழும்.

முந்தானையைப் பின்புறமிருந்து பார்த்தால் மாயமாகிவிடும். வலைக்கு ஒரு பக்கம்தான் தெரியும். அந்தப் பகுதியைப் பிரதி செய்து உட்புறத்தை வெளியே திருப்பி வைத்தால் சரி. தூரத்திலிருந்து பார்க்கும்போது சாறி பழைய சட்டையாக மாறினால், தூரத்துக்கென உள்ள மெஷ்களை மாற்றவில்லை என்று அர்த்தம். கிட்டப் பார்க்க ஒன்றும் தூரத்துக்குப் படிப்படியாக மூன்றுமாக நான்கு உண்டு. நான்கையும் மாற்றவும்.

கதிரையில் இருக்கும்போது முந்தானை கதிரைக்குள்ளால் போவதற்கு மருந்தில்லை. நிறுவனம் செய்த நீளச் சட்டைகளும் சில வேளை அப்படித்தான் போகின்றன. அதற்காக இரவு விழித்திருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். பிள்ளைகள் மற்றவர் செய்த உடுப்புகளையும் இறக்குவார்கள். உடுப்பு வருவது ‘பக்கேஜ்’ என்று முடியும் கோப்பாக. ‘ஸ்கிரிப்ற்’ என்று முடிவது வேறு. அது கணனியில் ஓடும் நிரல். 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இந்த விளையாட்டுக்கான அப்படிப்பட்ட சில கோப்புகளுக்குள் கடவுச்சொல் திருடும் நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு சாறியோடு ஸ்கிரிப்ற் கோப்பும் சேர்ந்து வந்தால் அதை அழிக்கச் சொல்லுங்கள். எங்களில் பல வீடுகளில் அந்த ஒரே கணனியில்தான் வங்கிக் கணக்கும் குடிவரவுக் கடிதங்களும் இருக்கின்றன.