கண்காணிப்புக்குக் கலைஞர்கள் தந்த நான்கு பதில்கள்

ஹசன் எலாஹி பங்களாதேஷில் பிறந்த அமெரிக்கக் கலைஞர். 2002ல் வெளிநாட்டுப் பயணம் முடிந்து டெட்ராய்ட் விமான நிலையத்தில் இறங்கியவரைத் தனியே அழைத்துப் போய் விசாரித்தார்கள். 2001 செப்டம்பர் 12 அன்று எங்கே இருந்தாய், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேள்வி. ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த சேமிப்பு அறையில் வெடிபொருள் இருப்பதாக யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் எஃப்பிஐ விசாரணை சுமார் 6 மாதம் இழுத்தது. பொய் கண்டறியும் கருவி முன்னால் பலமுறை உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் சுவாரசியம். எங்கே பயணம் போனாலும் எஃப்பிஐ அதிகாரிக்கு அவரே முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார். முதலில் போன், பிறகு விவரமான மின்னஞ்சல். ஒரு கட்டத்தில், இவர்களுக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் சொல்லிவிடலாமே என்று தோன்றியது. 'டிராக்கிங் டிரான்சியன்ஸ்' என்ற தளம் உருவானது. இப்போது எங்கே இருக்கிறார், எந்தத் தட்டில் சாப்பிட்டார், எந்தக் கழிவறைக்குப் போனார் என்று ஆயிரக்கணக்கில் படங்கள்.

இப்படிப்பட்ட கலைஞர்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். என் பிழைப்பு மென்பொருள். அதனால் இவர்கள் படைப்புகளைப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அழகியல் இல்லை, அதற்குள் இருக்கும் சிஸ்டம் டிசைன்தான். கேட்காமலே நம் தகவலை அள்ளுகிறார்கள், தனி ஆள் என்னதான் செய்ய முடியும்? கடந்த 20 ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குக் கலைஞர்கள் தந்த பதில்களை நான்காகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது என்று பார்ப்போம்.

1. எல்லாவற்றையும் கொட்டிவிடு

எலாஹியின் வாதம் பொருளாதாரம் சார்ந்தது. உளவு அமைப்புக்கு ஒரு தகவல் ஏன் மதிப்புள்ளது? அது வேறு யாரிடமும் இல்லை என்பதால். அதையே சந்தையில் இலவசமாகக் கொட்டினால் விலை விழுந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தப் படங்களில் மனிதர்களைக் காண்பது அரிது. காலி மேசை, காலிப் படுக்கை, காலி விமான நிலையம். இவ்வளவு பார்த்த பிறகும் அவர் யாரோடு பேசினார், என்ன நினைத்தார் என்று ஒன்றும் தெரியாது. எல்லாம் சொல்வதுபோல் சொல்லி எதையுமே சொல்லாமல் விடுவது. நம்ம ஊரில் சில பேர் அரை மணி நேரம் பேசுவார்கள், போன பிறகு யோசித்தால் விஷயம் ஒன்றும் இருக்காது. அந்த மாதிரி.

ஆனால் இது ஒரு மனித அதிகாரி உட்கார்ந்து படிக்கும் காலத்துக்கான பதில். பல்லாயிரம் படங்களைப் பார்த்தால் மனிதனுக்குக் கண் கட்டும், இயந்திரத்துக்குக் கட்டாது. இன்றைய இயந்திரக் கற்றலுக்குத் தரவு கூடக் கூடக் கொண்டாட்டம்தான். காலித் தட்டுகளின் வரிசையில்கூட சாப்பாட்டு நேரம், போகும் இடம், செலவழிக்கும் அளவு என்று ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடும்.

2. பொய்யைக் கலந்துவிடு

2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று தன் பயனர்களின் தேடல் பதிவுகளை வெளியிட்டது. சுமார் 6.5 லட்சம் பேர், 2 கோடி தேடல்கள். பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனால் நாம் தேடுவதே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும் இல்லையா? சொந்த ஊர், குடும்பப் பெயர், உடம்பு உபாதை, நாய் வளர்ப்பு. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த மூதாட்டியைத் தேடிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

அதே ஆண்டு டேனியல் ஹோவ், ஹெலன் நிஸன்பாம் இருவரும் 'டிராக் மீ நாட்' என்ற பிரவுசர் நீட்சியை வெளியிட்டார்கள். ஹோவ் கலைஞர், புரோகிராமர். நிஸன்பாம் தனியுரிமை பற்றி எழுதும் தத்துவ அறிஞர். நீங்கள் உண்மையாகத் தேடுவதை அது தடுக்காது. பின்னணியில் சம்பந்தமில்லாத தேடல்களைத் தானாக அனுப்பிக்கொண்டே இருக்கும். உண்மை எது, பொய் எது என்று எதிராளி குழம்ப வேண்டும், அவ்வளவுதான். இதே யோசனையை 2014ல் விளம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள். மஷோன் ஸெர்-அவீவும் சேர்ந்து உருவாக்கிய 'ஆட்நாசியம்' விளம்பரங்களை உங்கள் கண்ணில் படாமல் மறைக்கும், ஆனால் பின்னால் எல்லாவற்றையும் கிளிக் செய்யும். எல்லாவற்றையும் விரும்புகிறவரைப் பற்றி விளம்பர நிறுவனம் என்ன முடிவுக்கு வர முடியும்?

2017 ஜனவரியில் கூகுள் தன் குரோம் ஸ்டோரிலிருந்து ஆட்நாசியத்தை நீக்கியது. ஒரு கலைப்படைப்பு உறுத்தியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் பொறியாளராக எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. போலி இரைச்சலை உண்மையிலிருந்து பிரிப்பதும் ஒரு வகைப்படுத்தல் கணக்குதானே? 2010லேயே ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ஒருவரின் பழைய தேடல் வரலாறு கையில் இருந்தால், சாதாரண இயந்திரக் கற்றல் முறைகளை வைத்தே டிராக் மீ நாட் அனுப்பியவற்றைப் பெரும்பாலும் வடிகட்ட முடிந்தது. புரோகிராம் சொல்லும் பொய்யில் ஒரு சீர் இருக்கிறது. மனிதன் இரவு 2 மணிக்கு வயிற்று வலி பற்றித் தேடுவதில் அந்தச் சீர் இருப்பதில்லை.

3. முகத்தை மறைத்துவிடு

2010ல் ஆடம் ஹார்வி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலைப் படிப்புக்காகச் செய்தது 'சிவி டாஸில்'. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் மேல் கோணல்மாணலாகப் பட்டைகள் தீட்டினார்கள். கப்பலை மறைக்க இல்லை. எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று எதிரியின் கணிப்பு தவற வேண்டும் என்பதற்காக. அதற்குப் பெயர் டாஸில். ஹார்வி அதை முகத்துக்குக் கொண்டுவந்தார்.

இது ஏன் வேலை செய்தது என்று புரிய, அன்றைய கேமராக்கள் முகத்தை எப்படிக் கண்டுபிடித்தன என்று தெரிய வேண்டும். 2001ல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் இருவரும் தந்த முறைதான் அப்போது எங்கும் இருந்தது. படத்தின் மேல் ஒரு சின்னச் சதுரத்தை நகர்த்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு இடத்திலும் எளிய கேள்விகள்: கண் பகுதி கன்னத்தைவிட இருட்டாக இருக்கிறதா? மூக்குத் தண்டு இரு பக்கக் கண்களைவிட வெளிச்சமாக இருக்கிறதா? 'இல்லை' என்று வந்த உடனே அந்த இடத்தைக் கைவிட்டு நகர்ந்துவிடும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. அதுவே ஓட்டையும்கூட. ஆரம்பக் கேள்விகளில் ஒன்றைத் தோற்கடித்தால் போதும். மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு கற்றை முடி, ஒரு கன்னத்தில் மட்டும் கறுப்புத் தீற்றல். 'இங்கே முகமே இல்லை' என்று புரோகிராம் போய்விடும். முகமே கிடைக்காதபோது அது யார் என்ற அடுத்த கேள்விக்கு இடமே இல்லை.

பிறகு நியூரல் நெட்வொர்க் காலம் வந்தது. அவை இரண்டு மூன்று நிலையான கேள்விகளை நம்பி இல்லை. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துத் தாங்களே அடையாளங்களைக் கற்றுக்கொள்கின்றன. பாதி மறைந்த முகம்கூடச் சிக்கிவிடும். 2010ன் ஒப்பனைகள் வயோலா-ஜோன்ஸ் முறைக்கானவை மட்டுமே என்று ஹார்வியே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதில்லாமல், அப்படி ஒப்பனை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் கேமரா விட்டாலும் மனிதர் விட மாட்டார்கள், தெருவே திரும்பிப் பார்க்கும். 2019ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் முக அடையாளக் கேமரா இருந்த செய்தி வெளியானபோது, சில கலைஞர்கள் இதே பாணியில் முகத்தில் வண்ணம் தீட்டி மாதாமாதம் மௌன நடை போனார்கள். பார்க்கிறவர்களை யோசிக்க வைக்க அது உதவும். பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

4. மூலத்தைத் தேடிப் போ

இதுவரை பார்த்த மூன்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. வேலை முழுக்க நம் தலையில். நாம் படம் போட வேண்டும், நாம் நீட்சி நிறுவ வேண்டும், நாம் முகத்தில் பூசிக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் அடுத்த வெர்ஷன் வந்தால் எல்லாம் போச்சு.

ஹார்வியும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று நினைக்கிறேன். ஜூல்ஸ் லாப்ளாஸுடன் சேர்ந்து அவர் செய்த 'மெகாபிக்சல்ஸ்' வேறு கேள்வி கேட்டது: நியூரல் நெட்வொர்க்குக்கு லட்சக்கணக்கில் முகங்கள் வேண்டுமென்றால், அவை எங்கிருந்து வந்தன?

2016ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'எம்எஸ்-செலெப்-1எம்' தொகுப்பில் சுமார் 1 லட்சம் பேரின் 1 கோடிப் படங்கள், இணையத்திலிருந்து அள்ளியவை. பெயரில் 'பிரபலங்கள்' இருந்தாலும், உள்ளே பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள், கண்காணிப்பு முதலாளித்துவத்தை விமர்சித்துப் புத்தகம் எழுதிய ஷோஷனா ஸுபாஃப் போன்றவர்களும் இருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத் தொகுப்பு 2014ல் வளாகத்தில் 8 கேமராக்கள் வைத்து நடந்துபோன மாணவர்களைப் பதிவு செய்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் இன்னொரு தொகுப்பு, சான் ஃபிரான்சிஸ்கோவில் 'பிரெயின்வாஷ்' என்ற காபிக்கடையின் நேரலைக் கேமராவிலிருந்து எடுத்தது. காபி குடிக்க வந்தவர்கள் தாங்கள் ஆய்வுப் பொருள் என்று அறிந்திருக்க வழியில்லை.

ஹார்வியின் வழிமுறை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, எந்தத் தொகுப்பை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவது. பொறுமையான நூலக வேலை. அதில் வணிக நிறுவனங்களும் சீன ராணுவப் பல்கலைக்கழகம் ஒன்றும் தென்பட்டன. 2019ல் இது செய்தித்தாள்களில் வந்த பிறகு மைக்ரோசாஃப்ட், டியூக், ஸ்டான்ஃபோர்டு மூன்று இடத்துத் தொகுப்புகளும் நீக்கப்பட்டன. டியூக் பேராசிரியர் மாணவர் நாளிதழில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பூசிய முகங்களால் நடக்காதது பிடிஎஃப் படித்ததால் நடந்தது.

இதிலும் முழு வெற்றி இல்லை. தரவு என்பது பால் மாதிரி, கறந்ததை மடியில் திரும்ப ஏற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட் தொகுப்பின் நகல்களும் வழித்தோன்றல்களும் நீக்கத்துக்குப் பிறகும் புழக்கத்தில் இருந்ததைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2021ல் காட்டினார்கள்.

அதே 2021ல் ஹார்வி தரப்பு 'எக்ஸ்போசிங் டாட் ஏஐ' தளத்தைத் திறந்தது. ஃபிளிக்கரில் போட்ட படங்கள் முகத் தொகுப்புகளில் சேர்ந்திருக்கின்றனவா என்று தேடலாம். நம்ம வலைப்பதிவர்களும் ஒரு காலத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படங்களை அங்கே ஏற்றினோமே, அதே ஃபிளிக்கர்தான். 2019ல் ஐபிஎம் சுமார் 10 லட்சம் முகங்கள் எடுத்ததும் அங்கிருந்துதான். நானும் என் பழைய கணக்கின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அதில் மனிதர்களைவிடக் கோபுரங்கள்தான் அதிகம்.

கவனிக்க வேண்டியது, அந்தத் தளம் உங்கள் முகப்படத்தைக் கேட்காது. கணக்குப் பெயர் அல்லது படத்தின் முகவரி போதும். முகத்தைக் கொடுத்தால் தேடல் எளிது, ஆனால் அப்படிச் செய்தால் தளமே இன்னொரு முகத் தொகுப்பாகிவிடும். இதற்கு நேரெதிர் 2011ல் பாவ்லோ சிரியோவும் அலெஸ்ஸாந்த்ரோ லுடோவிக்கோவும் செய்த 'ஃபேஸ் டு ஃபேஸ்புக்'. 10 லட்சம் ஃபேஸ்புக் சுயவிவரங்களை அள்ளி, முகபாவனையை வைத்துப் பிரித்து, அதில் சுமார் 2.5 லட்சத்தை ஒரு போலி டேட்டிங் தளத்தில் போட்டார்கள். ஃபேஸ்புக் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, தளம் சில நாளில் மூடியது. எவ்வளவு எளிதாக அள்ளலாம் என்று நிரூபித்தார்கள், சரி. ஆனால் அந்த 2.5 லட்சம் பேரிடம் கேட்டவர் யார்? கண்காணிப்பை விமர்சிக்கும் படைப்பு அதே காரியத்தைச் செய்தால், பாதிக்கப்பட்டவருக்கு அது நிறுவனமா கலைஞரா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த வகைப் படைப்பு எதைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தன் வாதத்தைச் சொல்ல இன்னும் எத்தனை பேரின் தரவை இது எடுத்துக்கொள்கிறது?

அலுவலகத்திலோ அடுக்குமாடி வாசலிலோ முக அடையாளக் கருவி மாட்டப் போகிறோம் என்று யாராவது வந்தால், தொப்பி போடலாமா, மாஸ்க் போடலாமா என்று யோசிப்பதைவிட மூன்று கேள்வி கேட்பது பயன் தரும். எந்த முகங்களை வைத்து இதைப் பயிற்றுவித்தீர்கள்? எங்கள் முகம் எங்கே சேமிக்கப்படும்? எப்போது அழிப்பீர்கள்? விற்க வந்தவரிடம் பதில் இருக்காது. அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் 'பதில் இல்லை' என்று எழுதி வையுங்கள், அடுத்த கூட்டத்தில் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

டிரெவர் பாக்லன், கேட் கிராஃபோர்டு இருவரின் 'இமேஜ்நெட் ரூலெட்' இந்த நான்காவது வகையில் வர வேண்டியது. அதற்கு இமேஜ்நெட்டின் சொற்பட்டியல் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். தனிப் பதிவாக எழுதுகிறேன்.