இரத்தக் குழாயும் துணிக் குழாயும்

கிழிந்த சட்டையைத் தைக்கும் தையற்காரர் நிதானமாகத் தைக்கலாம். தையல் கோணினால் பிரித்து மறுபடியும் தைக்கலாம். இரத்தக் குழாயைத் தைக்கும் வைத்தியருக்கு அந்தச் சலுகை இல்லை. தைத்து முடியும் வரையில் இடுக்கி போட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அக்குழாயை நம்பியிருக்கும் காலோ கையோ அதுவரை பட்டினி கிடக்கும். தையல் தளர்ந்தால் இரத்தம் ஒழுகும். இறுகினால் வழி குறுகி, இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். இவ்விரு ஆபத்துக்களுக்கும் இடையே குழாய்களை இணைப்பது எவ்வாறு என்னும் கேள்வி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ரண சிகிச்சை நிபுணர்களையும் யந்திர நிபுணர்களையும் சிந்திக்க வைத்திருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் உள்ள இல்லங்களில் 'கிராஃப்ட்' என்னும் சொல் இன்று அடிக்கடி காதில் விழுகின்றது. ஆதலால் அதன் வரலாற்றை நாம் சிறிது அறிந்து வைத்திருத்தல் நலம்.

1894-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் ஸாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரை அறுபட்டது. அறுந்த சிரையை இணைக்கும் வித்தை அக்காலத்து வைத்தியர்களிடம் இல்லை. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அதே நகரில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த அலெக்ஸிஸ் கரேல் என்னும் இளைஞரின் மனத்தை இந்நிகழ்ச்சி உறுத்தியது. அவர் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் சென்று மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். வட்டமான குழாய் வாயை மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்தால் அது முக்கோணமாகும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேர்க்கோடாகத் தைத்துவிடலாம். 1902-இல் அவர் வெளியிட்ட இம்முறை இன்றும் போதிக்கப்படுகின்றது. 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், குழாயின் நீண்ட பகுதியே கெட்டுப்போயிருந்தால் இரு முனைகளை இழுத்துச் சேர்க்க இயலாது. இடையே வேறொரு குழாய் வேண்டும். 1947-இல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்னும் டாக்டர், நாயின் இதயத்துக்குள் தங்கிய பட்டு நூல் ஒன்றின்மேல் பளபளப்பான மெல்லிய சவ்வு படர்ந்திருப்பதைக் கண்டார். துணியால் குழாய் செய்தால் அதன் உட்புறமும் இவ்வாறு மூடப்படலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1952-இல் அவரும் அவர் நண்பர்களும் துணிக் குழாய்ச் சோதனைகளின் முடிவை வெளியிட்டனர். அதன்பின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டெக்ரான் துணியை வீட்டுத் தையல் யந்திரத்தில் தாமே தைத்துக் குழாயாக்கினார். ஒரு காலத்தில் நம்மவர் பெருமையுடன் உடுத்திய டெரிலினும் இந்த டெக்ரானும் ஒரே பொருளால் ஆனவை. 1970-களில் மற்றொரு குழாய் வந்தது. மாவு ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் டெஃப்லானை இழுத்து நுண்துளைகள் உண்டாக்கிச் செய்வது அது.

குழாய் கிடைத்துவிட்டது. எனினும் ஒவ்வொரு கிராஃப்டுக்கும் இரண்டு வாய்கள் உண்டு. இரண்டும் உடலின் குழாய்களோடு பொருந்த வேண்டும். துணி எத்துணை உயர்ந்ததாயினும் இணைப்புப் பழுதானால் பயனில்லை.

காகிதங்களைக் கோக்கும் ஸ்டேப்ளரைப் போல் கம்பிக் கொக்கிகளால் உடலைத் தைக்கும் கருவியை 1908-இலேயே புடாபெஸ்ட் நகரில் ஹூமர் ஹூல்ட்ல் என்னும் டாக்டர் வயிற்றுச் சிகிச்சைக்குக் கையாண்டார். இரத்தக் குழாய்களுக்கென ஒரு கருவியை 1940-களில் ஸோவியத் நாட்டுப் பொறியாளர் வாஸிலி கூதொவ் அமைத்தார். அறுபட்ட இரு முனைகளையும் சிறு வளையங்களினூடே இழுத்து, சட்டைக்கை மடிப்பைப் போல் வெளிப்புறமாக மடிக்க வேண்டும். இரு மடிப்புக்களையும் நேருக்கு நேர் சேர்த்து விசையை அழுத்தினால், டாண்டலம் என்னும் உலோகக் கொக்கிகள் சுற்றிலும் ஒரே கணத்தில் பாயும். உட்சுவரோடு உட்சுவரே தொடும். இரத்தம் உறைவதற்கான காரணம் குறையும். மாஸ்கோவில் இதனை நோயாளிகளுக்குப் பயன்படுத்திய டாக்டர் பாவெல் அந்திரோஸொவ், 1956-இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் தம் அனுபவத்தை எழுதினார். 1958-இல் ஸோவியத் நாட்டுக்குச் சென்ற அமெரிக்க நிபுணர் மார்க் ராவிச், கீவ் நகரில் நுரையீரல் சிகிச்சையில் இத்தகைய கருவி வேலை செய்வதைப் பார்த்து வியந்தார். லெனின்கிராடில் ஒரு கடையில் ஒன்றை விலைக்கு வாங்கித் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். அரசியலில் இரு வல்லரசுகளும் பகைத்து நின்ற காலத்தில் இவ்வித்தை இவ்வாறு எல்லை கடந்தது.

குடலுக்கும் நுரையீரலுக்கும் ஸ்டேப்ளர் விரைவில் வழக்கமாயிற்று. இரத்தக் குழாயிலோ அது தயங்கி நின்றது. நோயுற்ற தமனி சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருக்கும், மடித்தால் விரிந்துவிடும். துணிக் குழாயும் எளிதில் மடியாது. ஒரு குழாயின் முனையை மற்றொன்றின் பக்கவாட்டில் சேர்க்கவேண்டிய இடங்களில் வளையக் கருவி பயன்படவில்லை. கையும் ஊசியுமோ எவ்விடத்துக்கும் வளைந்துகொடுத்தன.

இதற்கு ஒரு வழியை அமெரிக்காவில் டாக்டர் வோல்ஃப் கிர்ஷ் முதலியோர் 1992-இல் வெளியிட்டனர். ஒரே விசையில் அனைத்தையும் தைப்பதை விடுத்து, டைட்டானியம் கிளிப்புக்களை ஒவ்வொன்றாக இடும் முறை இது. கிளிப்பின் கால்கள் மடிந்த விளிம்புகளைக் கவ்விப் பிடிக்குமேயன்றி, சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. டெஃப்லான் குழாயில் ஊசி சென்ற துளைகளில் இரத்தம் கசிவது வழக்கம். கிளிப்பில் அத்துன்பம் இல்லை. கிளிப்புகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் இணைப்பு நாடித்துடிப்புக்கேற்ப விரிந்து சுருங்கவும் கூடும்.

வேறொரு முறையும் தோன்றிற்று. 1990-இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் டாக்டர் ஹுவான் பரோதி, வயிற்றைத் திறவாமல், தொடைத் தமனி வழியே துணிக் குழாயைச் செலுத்தி, வீங்கிய பெருநாடிக்குள் பொருத்தினார். அங்கே தையலே இல்லை; நாளடைவில் குழாய் நழுவினால் ஆபத்து. ஆதலால் 3 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள திருகுசுருள் கம்பிகளை உள்ளிருந்தே துணியினூடே பெருநாடிச் சுவரில் முடுக்கும் கருவி இந்நூற்றாண்டில் வந்துள்ளது.

இவ்வளவு இருந்தும் பெரும்பாலான இணைப்புக்கள் இன்றும் கைத் தையலாலேயே செய்யப்படுகின்றன. கிளிப்பின் விலை ஒரு காரணம். மற்றொன்று, சில ஆய்வுகள் அதனால் நன்மை கண்டன. வேறு சில பெரிய வேறுபாடு காணவில்லை. டயாலிஸிஸுக்காகக் கையில் வைக்கும் கிராஃப்ட், சிரையோடு சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் பழுதாகின்றது. அங்கே உட்சுவர் தடித்து, வழி சிறுகச் சிறுகக் குறுகி, ஒருநாள் அடைபடும். எந்தக் கருவியும் இதனை முற்றும் தடுத்ததில்லை.

ஆகவே மிச்சக் காவல் வீட்டாரைச் சேர்ந்தது. கிராஃப்ட் உள்ள இடத்தை நாள்தோறும் தொட்டுப் பார்த்தால் மெல்லிய அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, சோதனைக்கு இரத்தம் எடுக்கவோ விடலாகாது. இறுகிய வளையலும் கைக்கடிகாரமும் அக்கையில் வேண்டா. கனத்த பையையும் மாட்டலாகாது. அக்கையின்மேல் தலைவைத்து உறங்குதலும் தகாது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில், தமிழ் தவிர வேறு மொழி அறியாத முதியோர் பலர் உளர். "இக்கையில் கிராஃப்ட் இருக்கிறது, ஊசி போடாதீர்கள்" என்று வசிக்கும் ஊரின் மொழியில் ஒரு சீட்டு எழுதி, அவர்கள் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துவிடுவோம். பிள்ளைகள் அருகில் இல்லாத வேளையிலும் அச்சீட்டு நர்ஸிடம் அவர்களுக்காகப் பேசும்.