விழுந்த கதையைச் சொல்வது எப்படி?

மரத்திலிருந்து விழுந்த கதை, கிணற்றில் விழுந்த கதை என்று நம் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். உண்மையாகவே நடந்ததுதான். ஆனாலும் சொல்ல ஆரம்பித்ததும் கேட்பவர் செல்போனை எடுத்துவிடுகிறார். அடி போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்த தடவை 4 தையல் 8 ஆகிறது. கிணற்றின் ஆழமும் கூடிவிடுகிறது.

அடியின் அளவுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. காந்தி 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் தொடராக எழுதிய ‘சத்திய சோதனை’யைப் பார்ப்போம். ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளி முதல் வருஷம். ஜைல்ஸ் என்ற இன்ஸ்பெக்டர் வந்து 5 ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். ‘கெட்டில்’ என்பதைப் பையன் தப்பாக எழுதிவிடுகிறான். வாத்தியார் பூட்ஸ் நுனியால் இடித்து, பக்கத்துச் சிலேட்டைப் பார் என்று ஜாடை காட்டுகிறார். இவனுக்குப் புரியவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

பின்னே, எது நம்மை இழுக்கிறது? பையன்கள் காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் இருக்கிறார் என்று அவன் நம்புகிறான். இடிக்கு அர்த்தம் நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் கதை ஓடுகிறது. நம் கிணற்றுக் கதையிலும் அதைத் தேடுவோம். கைப்பிடிச் சுவரில் ஏறியபோது எதை நம்பி ஏறினோம்? அண்ணன் பிடித்துக்கொள்வான் என்றா, ஆழமே இல்லை என்றா? வளர்ந்தபின் வந்த புத்தியை முதல் வரியிலேயே கொட்டிவிட்டால் கேட்பவருக்கு வேலையே இல்லாமல் போகும்.

ஒரு சிக்கல் உண்டு. நம் ஞாபகம் மெய்தானா? ஸ்விஸ் உளவியலாளர் ழான் பியாஜே, 2 வயதில் பாரிஸில் தன்னை ஒருவன் கடத்த வந்ததையும், தடுத்த ஆயாவின் முகத்துக் கீறல்களையும் கண்ணால் பார்த்ததாகவே நினைத்திருந்தார். அவருக்கு 15 வயது வாக்கில் ஆயா கடிதம் எழுதினாள்: அத்தனையும் கட்டுக்கதை. வெகுமதியாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, வீட்டில் கேட்ட பேச்சு அவருடைய ஞாபகமாகவே படிந்திருந்தது. குழந்தை மனதை ஆராய்ந்து பேர் வாங்கியவருக்கே இந்தக் கதி!

அதனால், சொல்லும் முன் அம்மாவையோ அக்காவையோ ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அவர்கள் வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ‘கிணற்றடியில் யாருமே இல்லை என்றுதான் எனக்கு ஞாபகம். அக்காவோ, அங்கேயேதான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன் என்கிறாள்’ என்று அப்படியே சொல்லிவிடலாம்.