பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றும் முன் நாம் அறிய வேண்டியவை

சுபுஹுக்கு எழுந்து ஒளு செய்யக் குழாயைத் திறக்கிறோம். முதலில் செம்பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வருகிறது, பிறகு தெளிகிறது. "தொட்டியைக் கழுவ வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வாப்பா காலத்தில் கட்டிய வீடுகளில் பலவற்றில் இதுதான் நிலை. கோளாறு தொட்டியில் இல்லாமல் சுவருக்குள் இருக்கும் குழாயில் இருக்கலாம்.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்களே பதிக்கப்பட்டன. இவை துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். அந்தப் பூச்சு உள்ளே தேய்ந்துபோனதும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் சுண்ணாம்புப் படிவும் அதோடு சேரும். அரை இங்கு குழாயில் பென்சில் நுழையும் அளவுக்கே வழி மிஞ்சும்.

கோளாறு எங்கே?

செலவில் இறங்கும் முன் சில சோதனைகளை நாமே செய்து பார்க்கலாம்.

1. காலையில் மட்டும் பழுப்பாக வந்து, சற்று ஓடியதும் தெளிந்தால், இரவெல்லாம் வீட்டுக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரில் துரு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். எவ்வளவு நேரம் ஓடினாலும் தெளியவில்லை என்றால் தொட்டியையும் போரையும் பார்க்க வேண்டும். வெந்நீர் மட்டும் நிறம் மாறி வந்தால் கீசரைச் சந்தேகிக்க வேண்டும்.

2. ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்தால் அதன் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினாலே போதும். எல்லாக் குழாய்களிலும் குறைந்தால்தான் உள்குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

3. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ஒளு செய்யும் தண்ணீரில்கூட வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நாம், இரவு முழுவதும் சொட்டும் தண்ணீரைக் கவனிக்காமல் விடலாமா?

துருத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் மீதி நீரில் அதன் அளவு கொஞ்சம் கூடவே செய்யும்.

எந்தக் குழாய் எதற்கு?

வெள்ளை நிற யு.பி.வி.சி. குழாய் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்தான். விலை குறைவு என்று அதைக் கீசருக்குப் போட்டால் சூட்டில் இளகி வளைந்துவிடும். வெந்நீருக்கு இளமஞ்சள் நிற சி.பி.வி.சி. அல்லது சூட்டில் உருக்கி ஒட்டும் பி.பி.ஆர். குழாய் வேண்டும்.

யு.பி.வி.சி.க்கும் சி.பி.வி.சி.க்கும் ஒட்டும் பசை வேறு வேறு. ஒன்றின் பசையை மற்றதற்குப் பூசினால் இணைப்பு பிறகு விட்டுப்போகலாம். குடிநீருக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை குழாயின் மேல் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பி.வி.சி. குழாய் தயாரிப்பில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே முத்திரை இல்லாத மலிவுக் குழாயை வாங்க வேண்டாம்.

உயிரோடு விளையாடும் ஒரு தவறு

பலரும் கவனிக்காத விஷயம் இது. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த்தாக வேலை செய்துவந்தது. இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டதும் அந்த எர்த் அறுந்துபோகும். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், எந்த வித்தியாசமும் தெரியாது. கீசரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு ஏற்படும் நாளில், ஈரக்கையோடு தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

ஆகவே பிளம்பரை அழைக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். தனி எர்த் குழி இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சையும் கூடவே பொருத்திவிடுவது நல்லது.

வேலை நடக்கும்போது

பழைய குழாயை எடுக்கச் சுவர் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. அதன் இணைப்பைத் துண்டித்து அப்படியே விட்டுவிட்டு, புதிய குழாயை வேறு வழியில் கொண்டுபோகலாம். வெளிச்சுவரில் வெயில் படும்படி போகும் பிளாஸ்டிக் குழாய்க்குத் தண்ணீரில் கரைத்துப் பூசும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு வைத்தால், ஓரிடத்தில் பழுது வந்தாலும் வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியிராது.

பசை நன்றாகக் காய்ந்த பிறகு, கொத்தனார் பூசும் முன், அழுத்தப் பம்ப் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். "பார்த்துட்டேன், ஒழுகலை" என்ற வாய்ச்சொல் போதாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் உடைக்கும் செலவு நம்முடையதுதான்.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். நாளை சுவரில் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம் சொல்லும்.

கடைசியாக, எல்லாக் குழாய்களையும் திறந்து முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கோ சமையலுக்கோ எடுக்காமல் ஓடவிட்டு, அதன் பிறகு பயன்படுத்தத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வசதி இல்லையென்றால், குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் பிடிக்கும் குழாய்வழியை முதலில் மாற்றுங்கள். மற்றவற்றை இன்ஷா அல்லாஹ் கையில் பணம் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம். எர்த் சோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.