நியூட்ரலில் எவ்வளவு ஓடுகிறது?

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் சர்வீஸ். கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம், ஆளுக்கொரு ஃபேஸ். மே மாதத்து ராத்திரி, ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகிற நேரம். கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். எங்கள் சிவப்பு 20 ஆம்பியர், நடு மாடி மஞ்சள் 12, மொட்டைமாடி போர்ஷன் நீலம் 7.

"அப்போ நியூட்ரல்ல 39 வரும் இல்ல சார்?" என்றார் மொட்டைமாடித் தம்பி. மீட்டர் காட்டியது 12.

மூன்று ஃபேஸும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. 120 டிகிரி தள்ளித் தள்ளி ஏறி இறங்கும். ஒன்றில் போகும் கரண்ட் மற்றதன் வழியாகவே பெரும்பாலும் திரும்பிவிடும். மூன்றும் சமமென்றால் நியூட்ரலில் பூஜ்யம். சமமில்லாத மிச்சம் மட்டும்தான் அதில் வரும்:

நியூட்ரல் = √(அ² + ஆ² + இ² − அஆ − ஆஇ − இஅ)

நம்ம கணக்கில் 400 + 144 + 49 = 593. கழிக்க வேண்டியது 240 + 84 + 140 = 464. மிச்சம் 129, அதன் வர்க்கமூலம் 11.4. (மூன்று லோடுக்கும் பவர் ஃபேக்டர் ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சுருக்கு வழி. இல்லாவிட்டால் வெக்டர் வரைய வேண்டியதுதான்.)

மீட்டரில் கூடுதலாக வந்ததற்கு பவர் ஃபேக்டர் ஒரு காரணம். இன்னொன்று எல்இடி பல்பு, டிவி, கம்ப்யூட்டர். இவை 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸ் கரண்டையும் இழுக்கும். அது மூன்று ஃபேஸிலும் ஒரே தாளத்தில் ஓடுவதால் நியூட்ரலில் கழியாது, கூடும். கம்ப்யூட்டர் நிறைந்த ஆபீஸில் ஃபேஸை விட நியூட்ரல் அதிகம் சூடாவது இதனால்தான். அங்கே நியூட்ரலுக்கு மெல்லிய வயர் போடுவது ஆபத்து.

சரி, அந்த நியூட்ரல் அறுந்தால்? கரண்ட் நிற்காது. மூன்று வீடும் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொள்ளும். லோடை வெறும் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்: 230 வோல்ட்டுக்குப் பதில் சிவப்பில் 170, மஞ்சளில் 248, நீலத்தில் 286! அதிகம் இழுக்கிற எங்கள் வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றும். குறைவாக இழுக்கிறவர் வீட்டில் டிவி புகையும்.

இதை எழுதும்போதுதான் எங்கள் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். நியூட்ரலிலும் ஒரு ஃப்யூஸ் கட்டை. அது போனாலும் அறுந்த கதைதான். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, அதை எடுத்துவிட்டு நியூட்ரல் லிங்க் போட்டாச்சு. தம்பி புது ஃப்ரிட்ஜ் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.