மும்பைப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறை

மும்பைப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறை 1919 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதுகலை நிலையில் சமூகவியலைக் கற்பிப்பதற்கென இந்தியாவில் அமைந்த முதல் துறையாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தியச் சமூகவியலில் இன்று வழங்கும் கலைச்சொற்கள் பலவும், தீராத விவாதங்கள் சிலவும் இத்துறையின் ஆசிரியர்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் தோன்றியவை.

தொடக்கம்

துறையின் முதல் தலைவர் இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிசு. உயிரியலாளராகத் தம் பணியைத் தொடங்கி நகரமைப்பு வல்லுநராக மாறியவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியா வந்தார். அவர் திரட்டி வைத்திருந்த நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்ற செருமானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய எம்டன்தான் அது. நண்பர்களின் உதவியால் மீண்டும் பொருட்களைச் சேர்த்து 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். சென்னை மாகாண நகரங்கள் பற்றி அறிக்கையும் எழுதினார்.

கெடிசு 1924-இல் இந்தியாவை விட்டு நீங்கினார். வகுப்பறைக்குள் அடங்கும் ஆசிரியராக அவர் இருக்கவில்லை. துறைக்கு அவர் செய்த பெரும் பணி, வெளிநாட்டில் பயிற்சி பெறுவதற்குச் சமசுகிருதம் கற்ற ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்ததே எனலாம். அந்த இளைஞர் கோ. ச. குர்யே (1893–1983).

குர்யேயின் காலம்

கொங்கணக் கரையிலுள்ள மால்வணில் பிறந்த குர்யே, கேம்பிரிட்ச்சில் வி. எச். ஆர். ரிவர்சிடம் பயின்றார். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906-இல் விரிவான நூல் எழுதியவர் ரிவர்சு. அவர் 1922-இல் மறையவே, குர்யே தம் முனைவர் பட்ட ஆய்வை ஏ. சி. ஹாடனிடம் நிறைவு செய்தார். 1924-இல் துறைத் தலைமையை ஏற்று, 1959 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவருடைய முதன்மை நூல் 1932-இல் வெளிவந்த "இந்தியாவில் சாதியும் இனமும்". குடிமதிப்பு அதிகாரியான ஹெர்பர்ட் ரிசுலி, ஒரு சாதியின் சமூக உயர்வு தாழ்வு அச்சாதியினரின் மூக்கின் அகலத்திற்கு எதிர் விகிதத்தில் அமைகிறது என்று கூறியிருந்தார். சாதியை இனத்தின் விளைவாகக் காட்டிய இக்கூற்று அக்காலத்தில் அறிவியல் உண்மையாகவே மதிக்கப்பட்டது. குர்யே அதே வகை அளவீடுகளை மாகாணம் மாகாணமாக ஒப்பிட்டார். வட இந்தியாவின் இந்துத்தான் பகுதிக்கு வெளியே உடல் அளவுகளுக்கும் சாதி அடுக்குக்கும் இடையே அத்தகைய ஒழுங்கு காணப்படவில்லை என்று காட்டினார். ரிசுலியின் கூற்றை அவருடைய முறையைக் கொண்டே மறுத்தது இதன் சிறப்பு.

ஆங்கிலேய ஆட்சியின் குடிமதிப்பும் நிருவாகமும் சாதியை இறுக்கின என்பதும், சாதிச் சங்கங்கள் சாதிக்குப் புதிய வலிமை தருகின்றன என்பதும் அவருடைய பிற முடிவுகள். இதே நோக்கில் சென்னை, பம்பாய் மாகாணங்களின் பிராமணரல்லாதார் இயக்கங்களையும் ஆராய்ந்த அவர், சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. வடமொழி நூல்களின் வழியே சமூகத்தைக் கண்டவர் என்றும், அடித்தட்டிலிருந்து பார்க்கத் தவறியவர் என்றும் பின்வந்தோர் அவரைக் குறை கூறினர். இக்குறை பெரும்பாலும் பொருந்துவதே.

பழங்குடிகள் குறித்து 1943-இல் அவர் எழுதிய நூல் மேலும் கடுமையான எதிர்ப்பைப் பெற்றது. பழங்குடிகளின் வாழ்வு வெளியாரால் சிதையாதவாறு காக்கப்பட வேண்டும் என்று வெரியர் எல்வின் வாதிட்டு வந்தார். குர்யேயோ அவர்களைப் "பின்தங்கிய இந்துக்கள்" என்றே அழைத்து, பெருஞ்சமூகத்துடன் இணைவதே வழி என்றார். விடுதலைக்குப் பின் பழங்குடிக் கொள்கை வகுக்கப்பட்ட போதும் இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான இழுபறி நீடித்தது.

இந்திய சமூகவியல் சங்கம் 1951-இல் குர்யேயின் முயற்சியால் அமைந்தது. அதன் இதழான "சோசியாலசிக்கல் புல்லட்டின்" 1952 முதல் வெளிவருகிறது.

மாணவர்கள்

குர்யேயின் மேற்பார்வையில் ஏறத்தாழ 80 ஆய்வேடுகள் எழுதப்பட்டன. மாணவர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் வழியிலிருந்து விலகிச் சென்றே புகழ் பெற்றனர்.

ஐராவதி கார்வே இங்கு முதுகலை முடித்து, பெர்லினில் ஆய்வு செய்தார். மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு ஐரோப்பிய இனத்தின் மேன்மையை நிறுவலாம் என்பது அங்கு அவருடைய நெறியாளரான ஆய்கன் ஃபிசரின் எதிர்பார்ப்பு. கார்வேயின் அளவீடுகள் அதற்கு இடம் தரவில்லை. அவர் அதை அவ்வாறே எழுதினார். பின்னர் புனேயின் தக்காணக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1953-இல் இந்திய உறவுமுறை பற்றிய நூலை வெளியிட்டார். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் செய்யும் தென்னாட்டு வழக்கத்தையும், பிறந்த ஊருக்கு வெளியே பெண்ணை அனுப்பும் வடநாட்டு வழக்கத்தையும் ஒப்பிடும் பகுதி அதில் குறிப்பிடத்தக்கது. "யுகாந்தா" என்ற மராத்தி நூலுக்காக 1968-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

மைசூரில் பிறந்த எம். என். சீனிவாசு, குர்யேயின் ஆய்வு உதவியாளராகத் தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பகுதியிலும் நாட்டார் வழக்குகளைத் திரட்டினார். தமிழ் நாட்டுப்பாடல்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை பல்கலைக்கழக இதழில் வந்தது. குடகரைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு இரண்டு தொகுதிகளாக 900 பக்கங்களை நெருங்கியது. அதே தரவுகளை ஆக்சுபோர்டில் ராட்கிளிஃப்-பிரவுனின் நெறியில் மீண்டும் ஆராய்ந்து, 1952-இல் நூலாக்கினார். தாழ்ந்த நிலையிலுள்ள சாதி உயர்சாதியின் உணவு, சடங்கு, வாழ்முறை ஆகியவற்றைப் பின்பற்றி மேல்நிலை கோருவதைக் குறிக்கும் "சமசுகிருதமயமாக்கம்" என்ற சொல் அந்நூலால் பரவியது. நூலை நாடிய ஆசிரியருக்கும் களத்தை நாடிய மாணவருக்கும் இடையிலான வேறுபாடு இந்தியச் சமூகவியலின் இரு போக்குகளாகவே வளர்ந்தது.

அ. ர. தேசாய் மார்க்சியர். தேசியவாதியான குர்யே, தமக்கு உடன்பாடற்ற நோக்கில் எழுதப்பட்ட தேசாயின் ஆய்வுக்கு நெறியாளராக இருந்தார். அது "இந்தியத் தேசியத்தின் சமூகப் பின்னணி" என 1948-இல் நூலாயிற்று. தேசாய் 1951-இல் இத்துறையில் சேர்ந்து, பின்னாளில் தலைவரும் ஆனார். எஸ். தேவதாசு பிள்ளையுடன் இணைந்து பம்பாய்ச் சேரி ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972-இல் வெளிவந்தது.

லோனிகண்டு மறுஆய்வு

குர்யே களத்திற்கே செல்லாதவர் என்ற கருத்துக்கு இவ்வாய்வு விலக்காகும். புனேக்கு அருகிலுள்ள லோனிகண்டு என்ற சிற்றூரை, பேசுவா ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டான 1819-இல், தாமசு கோட்சு என்ற ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து விவரித்திருந்தார். குர்யே அதே ஊரை மீண்டும் ஆராய்ந்து, அன்றும் இன்றும் என ஒப்பிட்டு 1960-இல் நூலாக வெளியிட்டார். ஒரே இந்திய ஊரை இத்துணை நீண்ட இடைவெளியில் ஒப்பிட்ட ஆய்வுகள் மிகச் சிலவே.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1996-இல் மும்பைப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. துறை கலினா வளாகத்தில் இயங்குகிறது.